சஸ்பென்ஸும் இயக்குநரின் பாணியும்: ஹிட்ச்காக் படங்களை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு நண்பர் வீட்டு மாடிக் கூடத்தில் பழைய படம் போடுகிறோம். இருபது, இருபத்தைந்து பேர் வருவார்கள். பாதிப் பேர் குறும்படம் எடுப்பவர்கள், அல்லது எடுக்க ஆசைப்படுபவர்கள். படம் முடிந்து டீ வரும் நேரத்தில் கேள்விகள் ஆரம்பிக்கும். சில வருடங்களாகக் கவனித்ததில், சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை ஒருமுறை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

உதாரணங்கள் பெரும்பாலும் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் (1899–1980) படங்களிலிருந்து வரும். 1925 முதல் 1976 வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தவர் அவர். தன் தொழில் ரகசியங்களை ஒளிக்காமல் பேசியவரும்கூட. 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா ட்ரூஃபோ அவரை ஒரு வாரம் உட்கார வைத்துப் படம் படமாகக் கேள்வி கேட்டார். அந்த உரையாடல் 1966-இல் புத்தகமாக வந்தது. கீழே அதை அடிக்கடி தொடுவேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே: பல படங்களின் முடிவுகளை இங்கே சொல்லியிருக்கிறேன்.

1. சஸ்பென்ஸ், த்ரில்லர், மர்மப் படம்... எல்லாம் ஒண்ணுதானே அண்ணா?

போஸ்டரில் ஒன்றுதான். எடுப்பவருக்கு வேறு வேறு. மர்மக் கதையில் நமக்குத் தெரியாத ஒன்றைத் தேடுகிறோம்; அது மூளைக்கு வேலை. சஸ்பென்ஸில் நமக்குத் தெரிந்த ஒன்று நடந்துவிடுமோ என்று காத்திருக்கிறோம். அது அடிவயிற்றில் நடக்கும் வேலை. த்ரில்லர் என்பது இரண்டையும் சேர்த்துக் கடைக்காரர் ஒட்டும் பெயர்ச்சீட்டு.

‘யார் கொன்றது’ வகைக் கதைகளை ஹிட்ச்காக் அதிகம் எடுக்கவில்லை. அவற்றில் உணர்ச்சி குறைவு, கடைசியில் வரும் விடைக்காகச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

2. கடைசி வரைக்கும் கொலைகாரன் யாருன்னு மறைச்சு வெச்சாத்தானே சஸ்பென்ஸ்?

இந்தப் பக்கத்தை எழுத வைத்ததே இந்தக் கேள்விதான். பதில்: இல்லை. மறைப்பதால் ஆவல் வரும். பதற்றம் வர வேண்டுமானால் சொல்லிவிட வேண்டும்.

ட்ரூஃபோவிடம் ஹிட்ச்காக் சொன்ன மேசைக் குண்டு உதாரணம் பிரபலமானது. இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அடியில் குண்டு இருக்கிறது. நமக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. வெடிக்கிறது. பார்ப்பவருக்குக் கிடைப்பது 15 நொடி அதிர்ச்சி. இப்போது அதே காட்சியில் குண்டு வைப்பதை நமக்கு முதலிலேயே காட்டிவிடுகிறார்கள். ஒரு மணிக்கு வெடிக்கும், சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டே முக்கால். அதே சப்பைப் பேச்சு திடீரென்று உயிர் பெறுகிறது. ‘எழுந்து ஓடுங்கப்பா’ என்று கத்தத் தோன்றுகிறது. 15 நிமிட சஸ்பென்ஸ் கிடைத்துவிட்டது. கூடுதலாகச் செலவானது ஒரே ஒரு தகவல்.

அவர் இதை வெறும் உதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை, செய்தும் காட்டினார். ‘வெர்டிகோ’வின் (1958) மூலக்கதையான பிரெஞ்சு நாவலில், இறந்த பெண்ணும் பிறகு வரும் பெண்ணும் ஒருத்தியே என்ற உண்மை கடைசியில்தான் உடைகிறது. ஹிட்ச்காக் படம் முடிய இன்னும் நிறைய நேரம் இருக்கும்போதே அதைச் சொல்லிவிட்டார். கூட இருந்தவர்கள் வேண்டாம் என்றார்கள். ஆனால் அதற்குப் பிறகுதான் நாம் அந்தப் பெண்ணின் ஒவ்வொரு அசைவையும் பார்க்கிறோம். நாயகன் அவளுக்குச் சாம்பல் நிற உடை வாங்கித் தருகிறான், தலைமுடியின் நிறத்தை மாற்றச் சொல்கிறான். அவள் ஏன் தயங்குகிறாள் என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. மறைத்து வைத்திருந்தால் இந்தப் பகுதி முழுவதும் ஒரு விசித்திரமான காதலாக மட்டும் கடந்து போயிருக்கும்.

3. அப்போ அதிர்ச்சிக்கு மதிப்பே இல்லையா? ‘சைக்கோ’வில் நாயகியை நடுவிலேயே கொன்னாரே!

மதிப்பு உண்டு. ஆனால் ஒரு படத்தில் ஓரிரு தடவைதான் செல்லுபடியாகும். ‘சைக்கோ’வின் (1960) முதல் பாதி முழுக்க, திருடிய பணத்தோடு ஓடும் மேரியன் பிடிபடுவாளா என்ற சஸ்பென்ஸில் நம்மைக் கட்டிப்போட்டிருந்தார். நாம் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது இன்னொரு பக்கத்திலிருந்து அடி விழுந்தது. முன்னால் இருந்த சஸ்பென்ஸ் இல்லாமல் அந்த அதிர்ச்சிக்கு அவ்வளவு வலு வந்திருக்காது.

தவறவிட்ட இடமும் உண்டு. ‘சபோடாஜ்’ (1936) படத்தில் ஒரு சிறுவன், தன் கையிலிருக்கும் பொட்டலத்தில் குண்டு இருப்பது தெரியாமல் லண்டன் தெருக்களில் போகிறான். ஊர்வலம், வழிமறிக்கும் பற்பசை வியாபாரி, நெரிசலில் நிற்கும் பஸ் என்று தாமதமாகிக்கொண்டே போகிறது. நமக்கு மணி தெரியும். கடைசியில் குண்டு வெடித்து அவன் இறந்துவிடுகிறான். அது தன் தவறு என்று ஹிட்ச்காக் பின்னாளில் ஒப்புக்கொண்டார். அவ்வளவு நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு விடுதலையே கொடுக்கவில்லை, அவர்கள் கோபப்பட்டார்கள். என் அபிப்பிராயத்தில் அந்தக் காட்சி அவர் நினைத்த அளவு மோசமில்லை. ஆனாலும் அவர் கவலை நியாயமானது: பார்ப்பவரிடம் வாங்கிய பதற்றத்தை ஏதாவது ஒரு வழியில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

4. ‘ஸ்டைல்’னா என்ன சார்? கேமரா ஆங்கிளா, லைட்டிங்கா?

அவை பாணியின் கைகால்கள். நான் புரிந்துகொண்டவரை, ஒரே கேள்விக்கு ஒருவர் வருடக்கணக்கில் சொல்லும் பதில்தான் பாணி. ஹிட்ச்காக்கின் கேள்வி: ‘இந்த நொடி பார்ப்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், அதை யாருடைய கண் வழியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்?’ அவருடைய கோணம், வெட்டு, ஒலி எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவைப் பாருங்கள். கேமராவைத் தரைக்குப் பக்கத்தில் வைத்தார், ஏறக்குறைய அசைக்கவே மாட்டார், பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையே வைத்து எடுத்தார். பாயில் உட்கார்ந்து பேசும் குடும்பத்தோடு நாமும் உட்கார வேண்டும் என்பது அவர் பதில். அவருடைய தாழ்ந்த கோணத்தை மட்டும் எடுத்துத் துரத்தல் காட்சியில் வைத்தால் ஓசு பாணி வந்துவிடாது. கேமராவைத் தரையில் வைத்ததாக மட்டும்தான் இருக்கும்.

5. அவருக்கு அது பிறவியிலேயே வந்ததா? எங்கே கத்துக்கிட்டார்?

அப்பா லண்டனின் லேட்டன்ஸ்டோனில் காய்கறிக் கடை வைத்திருந்தவர். மகன் முதலில் ஒரு மின்கம்பி நிறுவனத்தில் வேலைக்குப் போய், அதன் விளம்பரப் பிரிவில் படம் வரைந்தார். அப்புறம் ஒரு படநிறுவனத்தில் மௌனப் படங்களுக்கு எழுத்து அட்டை வரையும் வேலை. அதாவது, படம் சொல்லத் தவறியதை எழுத்தால் சொல்லும் வேலை.

1924-இல் வேலை நிமித்தம் ஜெர்மனி போனார். அங்கே பாபெல்ஸ்பெர்க் ஸ்டூடியோவில் ஜெர்மன் இயக்குநர் எஃப். டபிள்யூ. முர்னாவ் ‘தி லாஸ்ட் லாஃப்’ எடுத்துக்கொண்டிருந்தார். எழுத்து அட்டையே ஏறக்குறைய இல்லாமல் முழுக் கதையையும் சொன்ன மௌனப் படம் அது. எழுத்து அட்டை வரைந்து பிழைத்த இளைஞர் அதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அதன் பலன் ‘தி லாட்ஜர்’ (1927) படத்தில் தெரிகிறது. மாடியில் குடியிருக்கும் புதியவன் கொலைகாரனோ என்று கீழ்வீட்டில் சந்தேகம். அவன் மேலே நடக்கும் சத்தம் கேட்க வேண்டும், ஆனால் படத்துக்கு ஒலி கிடையாது. கனத்த கண்ணாடியால் தளம் போட்டு அதில் நடிகரை நடக்க வைத்து, கீழிருந்து எடுத்தார். கீழ்வீட்டுக்காரர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள், விளக்குக் கொத்து ஆடுகிறது, கூரை மறைந்து அவன் பாதங்கள் தெரிகின்றன. தன் முதல் உண்மையான படம் என்று அவர் சொன்னது இதைத்தான். தீர்க்க வேண்டிய ஒரு சங்கடம் வந்தது, அதைப் படத்தாலேயே தீர்த்தார். பாணி அப்படித்தான் முளைக்கிறது.

6. நடிகர் முகத்துல பயம் தெரிஞ்சா போதாதா? ஏன் இவ்வளவு ஷாட் வெட்டணும்?

முகம் மட்டும் பேசாது. சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்த சோதனையைச் சொல்வார்கள்: ஒரு நடிகரின் ஒரே முகத்தை ஒரு தட்டு சூப்போடும், ஒரு சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணோடும் ஒட்டினால், பார்ப்பவர்கள் பசி, துக்கம், ஆசை என்று வெவ்வேறாகப் படிக்கிறார்கள். ஹிட்ச்காக் இதை அடிக்கடி மேற்கோள் காட்டுவார்.

‘ரியர் விண்டோ’ (1954) முழுக்க இந்தச் சோதனையின் நீட்சிதான். கால் உடைந்து சக்கர நாற்காலியில் இருக்கும் புகைப்படக்காரர் எதிர்வீட்டு ஜன்னல்களைப் பார்க்கிறார். அவர் முகம், அவர் பார்ப்பது, மறுபடி அவர் முகம். இந்த மூன்று துண்டுகள்தான் படம் முழுவதும். கேமரா அநேகமாக அவர் அறையை விட்டு வெளியே வருவதே இல்லை. எதிர்வீட்டுக்காரன் தன் மனைவியைக் கொன்றிருப்பான் என்று அவருக்குச் சந்தேகம். அவர் காதலி லிசா சாட்சியம் தேடி எதிர்வீட்டுக்குள் நுழைந்திருக்கும்போது வீட்டுக்காரன் படியேறி வருகிறான். நாயகனால் எழவும் முடியாது, கத்தினாலும் பயனில்லை. திரையின் முன் உட்கார்ந்திருக்கும் நம் நிலைமையும் அதேதான்.

குறும்படம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நடிகரிடம் ‘பயப்படு’ என்று சொல்லாதீர்கள். ‘அந்தக் கதவைப் பார்’ என்று சொல்லுங்கள். கதவை நீங்கள் பயமாக எடுங்கள்.

7. கெட்டவன் மாட்டிக்கக்கூடாதுன்னு நமக்கே தோணுதே, அது எப்படி?

‘சைக்கோ’வில் நார்மன் பேட்ஸ், பிணம் இருக்கும் காரைச் சதுப்பில் தள்ளுகிறான். கார் மெதுவாக அமிழ்கிறது. பாதியில் நின்றுவிடுகிறது. அவன் வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தவன் நிறுத்திவிட்டுச் சுற்றும் முற்றும் பார்க்கிறான். எங்கள் கூடத்தில் அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் மூச்சுச் சத்தம் நின்றுபோகும். மறுபடி கார் அமிழ ஆரம்பித்ததும் எல்லோரும் ஆசுவாசமாக மூச்சு விடுவார்கள். சற்று முன் கொலையுண்ட பெண்ணுக்காகப் பதறிய அதே மனிதர்கள்தான்.

ஒருவர் ஒரு வேலையை முடிக்க முனைந்து அது தடைப்பட்டால், மனம் தானாக அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெயின்’ (1951) படத்தில் வில்லனின் கையிலிருந்து ஒரு சிகரெட் லைட்டர் சாக்கடைக் கம்பிக்குள் விழுகிறது. விரலை விட்டுத் துழாவுகிறான். தொட்டதும் இன்னும் கீழே போகிறது. அப்பாவி நாயகனைச் சிக்க வைக்கப்போகும் லைட்டர் அது. ஆனாலும் நம் விரலும் சேர்ந்து நீள்கிறது. நல்லவன் கெட்டவன் கணக்கை விட, யாருடைய கையைப் பக்கத்தில் காட்டுகிறீர்கள் என்பது பலமானது.

8. நேரத்தை இழுத்தா போரடிக்காதா?

வெறுமனே இழுத்தால் நிச்சயம் போரடிக்கும். பார்ப்பவர் கையில் ஒரு கடிகாரம் கொடுத்துவிட்டு இழுக்க வேண்டும். அது சுவர்க் கடிகாரமாக இருக்க வேண்டியதில்லை.

‘நொட்டோரியஸ்’ (1946) விருந்தைப் பாருங்கள். நாயகி அலிஷியா, தான் உளவு பார்க்கும் கணவனின் சாவிக்கொத்திலிருந்து ஒயின் கிடங்குச் சாவியைத் திருடிவிட்டாள். விருந்துக் கூடத்தின் உச்சியில் தொடங்கும் கேமரா, அத்தனை விருந்தாளிகளையும் தாண்டி இறங்கி இறங்கி, அவள் உள்ளங்கையில் மறைத்திருக்கும் சாவியில் வந்து நிற்கிறது. அடுத்து கடிகாரம்: ஐஸ் பெட்டியில் இருக்கும் ஷாம்பெயின் பாட்டில்கள். அவை தீர்ந்தால் இன்னும் எடுக்கக் கணவன் கிடங்குக்குப் போவான், சாவி இல்லாதது தெரிந்துவிடும். அதற்குப் பிறகு யாராவது ஒரு கோப்பையை எடுத்தாலே நமக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. ‘ஆபத்து’ என்று ஒரு வார்த்தை சொல்லாமல் மூடி திறக்கும் பாட்டில்களே வேலையைச் செய்துவிடுகின்றன.

‘தி மேன் ஹூ நியூ டூ மச்’ 1956 பதிப்பில் கடிகாரம் ஒரு இசைக்கோப்பு. தாளத் தட்டுகள் மோதும் நொடியில் சுட வேண்டும் என்று கொலையாளிக்கு இசைத்தட்டைப் போட்டுக் காட்டுகிறார்கள். அப்போதே நாமும் கேட்டுவிடுகிறோம். பின்னால் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பன்னிரண்டு நிமிடம் போல வசனமே இல்லாமல், அந்த இசை அந்த இடத்தை நோக்கி நகர்கிறது. சங்கீதம் படிக்காதவரும் அங்கே தாளம் எண்ணுவார்.

9. ஏதாவது ஒரு சீனை ஷாட் ஷாட்டா பிரிச்சுச் சொல்லுங்களேன்.

‘தி பேர்ட்ஸ்’ (1963), பள்ளிக்கூடக் காட்சி. ஊரில் பறவைகள் மனிதர்களைத் தாக்க ஆரம்பித்துவிட்டன. மெலனி ஒரு சிறுமியைப் பார்க்க வந்திருக்கிறாள். வகுப்பு முடியவில்லை. உள்ளே பிள்ளைகள் பாடுகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் சொற்களோடு முடிவில்லாமல் நீளும் விளையாட்டுப் பாட்டு. அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சிகரெட் பற்ற வைக்கிறாள். முதுகுக்குப் பின்னால், பிள்ளைகள் ஏறி விளையாடும் கம்பிக் கூண்டு.

ஒரு காகம் வந்து கம்பியில் உட்காருகிறது. மெலனி புகைக்கிறாள். மறுபடி கம்பிக் கூண்டு. இன்னும் சில காகங்கள். மெலனி. மறுபடி கம்பி, இன்னும் இரண்டு மூன்று. இதுவரை 2-ஆம் பதிலில் சொன்ன குண்டு வேலைதான்: நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, அது முடிந்தால் பிள்ளைகள் வெளியே வருவார்கள். எனவே அது 8-ஆம் பதிலில் சொன்ன கடிகாரம்.

இப்போது அவர் செய்வதைக் கவனியுங்கள். காகங்களுக்கு வெட்டுவதை நிறுத்திவிடுகிறார். மெலனியின் முகத்திலேயே கேமரா நிற்கிறது, நிற்கிறது. இத்தனை நேரம் ஒழுங்காகக் கிடைத்துவந்த தகவல் நின்றுபோனதும் நாம் கற்பனை செய்ய ஆரம்பிக்கிறோம். பின்னால் எத்தனை ஆகியிருக்கும்? பத்து? பதினைந்து? அவள் நிமிர்ந்து வானத்தில் ஒரே ஒரு காகம் பறப்பதைப் பார்க்கிறாள். கண்கள் அதைப் பின்தொடர்கின்றன. அது தாழ்ந்து, பள்ளிப் பக்கம் திரும்பி, கம்பிக் கூண்டில் போய் இறங்குகிறது. கூண்டே தெரியாத அளவுக்குக் கறுப்பாக அப்பியிருக்கின்றன காகங்கள். நாம் நினைத்ததைவிட எத்தனையோ மடங்கு. தெரிந்த விஷயத்துக்காகக் காத்திருந்தவர்களுக்கு, அந்தத் தெரிந்த விஷயத்துக்குள்ளேயே ஒரு அதிர்ச்சியை ஒளித்து வைத்திருந்திருக்கிறார்.

10. பின்னணி இசை இல்லாம சஸ்பென்ஸ் வருமா?

இப்போது சொன்ன படத்திலேயே வழக்கமான பின்னணி இசை கிடையாது. பறவைச் சத்தங்களில் பலவற்றை ஜெர்மனியின் ஆஸ்கர் சாலா, ட்ராவ்டோனியம் என்ற மின்னணுக் கருவியில் உருவாக்கினார். ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ (1959) படத்தில் மருந்து தெளிக்கும் விமானம் நாயகனைத் துரத்தும் இடமும் அப்படித்தான். பட்டப்பகல், வெட்டவெளி, விமானத்தின் இரைச்சல் மட்டும். விமானம் எண்ணெய் லாரியில் மோதி வெடிக்கும்போதுதான் இசை நுழைகிறது. இருட்டுச் சந்து, ஜன்னல் ஓரம் ஒரு முகம், ஓடும் பூனை என்ற தேய்ந்த வழிகளைத் தவிர்க்கத்தான் அந்த வெட்டவெளி.

மறுபக்கமும் உண்டு. ‘சைக்கோ’ குளியலறைக் கொலைக்கு இசை வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொன்னார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் மீறி எழுதினார், தந்திக் கருவிகள் மட்டும் வைத்து. கேட்டதும் ஹிட்ச்காக் மனம் மாறிவிட்டார். நல்ல வேளை.

11. நம்ம படத்துல பாட்டு வந்தாலே டெம்போ செத்துடுதே?

பாட்டைக் கதைக்கு வெளியே நிறுத்தினால் சாகும். அந்தச் சந்தேகம் நம்மிடமும் பழையது. அதனால்தான் எஸ். பாலசந்தர் 1954-இல் ஏவிஎம்முக்கு ‘அந்த நாள்’ எடுத்தபோது பாட்டே இல்லாமல் எடுத்தார். ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் ‘ராஷோமான்’ தந்த உந்துதலில், ஒரு கொலையைப் பலர் பலவிதமாகச் சொல்லும் கதை.

ஆனால் பாட்டே பதற்றத்தின் கருவியாக இருக்க முடியும். 8-ஆம் பதிலில் சொன்ன 1956 படத்தில், கடத்தப்பட்ட மகன் தூதரகத்தின் மாடியில் எங்கோ அடைக்கப்பட்டிருக்கிறான். கீழே தாய் பியானோவில் உட்கார்ந்து, வீட்டில் மகனோடு பாடும் ‘கே செரா செரா’ பாட்டை, விருந்தாளிகள் திகைக்கும் அளவுக்கு உரக்கப் பாடுகிறாள், அவன் காதில் விழட்டும் என்று. மாடியிலிருந்து விசில் சத்தம் வருமா? அந்த ஆண்டு ஆஸ்கர் விருது வாங்கிய பாட்டு அது. நம் ‘புதிய பறவை’யிலும் (1964) ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ இரண்டு முறை வருகிறது. முதலில் மயக்குகிறது, மறுமுறை கலங்க வைக்கிறது. அந்தப் பாட்டை எடுத்துவிட்டால் கதையே ஊனமாகிவிடும்.

12. மக்கஃபின்னு சொல்றாங்களே, அது என்ன?

கதையில் எல்லோரும் துரத்தும் பொருள். நமக்கு அது என்ன என்பது முக்கியமில்லை. ‘நொட்டோரியஸ்’ கிடங்கில் ஒயின் பாட்டிலுக்குள் இருந்தது யுரேனியம் கலந்த மணல். அது வைரமாக இருந்திருந்தாலும் சாவியைப் பிடித்த கை அதே மாதிரிதான் நடுங்கியிருக்கும். பென் டிரைவில் என்ன இருக்கிறது என்று வசனத்தில் மூன்று நிமிடம் விளக்கும் திரைக்கதைகளைப் படிக்கும்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்.

13. எல்லா ஷாட்டையும் முன்னாடியே வரைஞ்சுடணுமா?

வரைவது நல்லது. அவர் விளம்பர ஓவியராக இருந்தவர். காட்சிகளை வரைந்து திட்டமிட்டார், அதைப் பெருமையாகச் சொல்லியும் கொண்டார். ஆனால் ஒரு கோடுகூட மாறாமல் எடுத்தார் என்பது மிகை. படப்பிடிப்பில் மாற்றினார், சேர்த்தார் என்று ஸ்டூடியோ ஆவணங்களை ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

வரையத் தெரியாவிட்டால் எழுதுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் எதிரில் ‘இது முடிந்ததும் பார்ப்பவருக்குப் புதிதாக என்ன தெரிந்தது?’ என்று ஒரு வரி. பதில் வராத ஷாட் வேண்டியதில்லை.

14. இதெல்லாம் அவர் ஸ்டைலா, கூட இருந்தவங்க ஸ்டைலா?

நியாயமான கேள்வி. மனைவி ஆல்மா ரெவில் படத்தொகுப்பாளராகவும் எழுத்தாளராகவும் இருந்தவர். கடைசிவரை அவர் கண்ணுக்குத் தப்பி எதுவும் வெளியே போகவில்லை. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வந்த பெரிய படங்களில் ஒளிப்பதிவாளர் ராபர்ட் பர்க்ஸ், படத்தொகுப்பாளர் ஜார்ஜ் தொமாசினி, ஹெர்மன், ஆடை வடிவமைத்த ஈடித் ஹெட் என்று அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். தொமாசினி 1964-இல் இறந்தார். ‘டோர்ன் கர்ட்டன்’ (1966) இசை விஷயத்தில் ஹெர்மனோடு முறிந்தது. பர்க்ஸ் கடைசியாக அவரோடு செய்தது ‘மார்னி’ (1964). அதற்குப் பிந்தைய படங்களில் பழைய இறுக்கம் தளர்ந்தது தெரிகிறது. ஆக, கேள்வி அவருடையது. பதிலைச் செதுக்கியதில் பல கைகள். உங்களோடு இரண்டாவது படத்துக்கும் வர விரும்பும் எடிட்டர் ஒருவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

15. ஒரு ஸ்டைல் வந்துட்டா அதிலேயே மாட்டிக்க மாட்டோமா?

மாட்டலாம். அவரே ஒருமுறை தன் வழியை விட்டு வெளியே போய்ப் பார்த்தார். ‘ரோப்’ (1948) படத்தை, ஃபிலிம் சுருள் தாங்கும் மட்டும், பத்து நிமிடம் வரை நீளும் ஷாட்களாக எடுத்தார். வெட்டிக் கதை சொல்வதையே உயிராகக் கொண்டவர் வெட்டைத் துறந்தார். பின்னாளில் அதை ஒரு வித்தை முயற்சி என்று அவரே ஒதுக்கினார். எனக்கு அந்தப் படம் பிடிக்கும். பிணம் இருக்கும் பெட்டியின் மேல் விருந்து வைக்கும் துணிச்சலுக்காகவே.

1959-இல் பெரிய நட்சத்திரம், வண்ணம், பிரம்மாண்டம் என்று ஒரு படம் கொடுத்த கையோடு, தன் தொலைக்காட்சித் தொடரின் குழுவை அழைத்துக்கொண்டு, சுமார் 8 லட்சம் டாலரில், கறுப்பு வெள்ளையில் ‘சைக்கோ’ எடுத்தார். அப்போது அவருக்கு வயது அறுபது. தோற்றம் முழுக்க மாறியது. 4-இல் சொன்ன கேள்வி மாறவில்லை.

16. ஒருத்தர் பாணியைப் பின்பற்றினா அது காப்பியா?

பதிலை எடுத்தால் காப்பி. கேள்வியை எடுத்துக்கொண்டு உங்கள் ஊரில் நின்று பதில் தேடினால் அது உங்களுடையது. பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’யில் (1980) ‘சைக்கோ’வின் சாயல் யாருக்கும் தெரியும். ஆனால் அந்த ஊட்டிக் குளிரும், ஜன்னல் வழி வரும் இயற்கை வெளிச்சமும், ஷோபாவின் முகத்தில் கேமரா காட்டும் பொறுமையும் ஒளிப்பதிவாளராகவே வாழ்ந்த ஒருவருடைய கண்.

17. பட்ஜெட்டே இல்லை. என்ன செய்ய?

காட்டாதீர்கள். ‘ஜாஸ்’ (1975) படப்பிடிப்பில் இயந்திரச் சுறா கடல் நீரில் பழுதாகிக்கொண்டே இருந்தது. ஸ்பீல்பெர்க் சுறாவைக் காட்டாமல், நீர்மட்டத்தில் நகரும் கேமராவையும், மிதக்கும் மஞ்சள் பீப்பாய்களையும், ஜான் வில்லியம்ஸின் இரண்டு சுரங்களையும் வைத்துச் சமாளித்தார். ‘சைக்கோ’ கொலையில் ரத்தமாக ஓடியது சாக்லேட் கரைசல். கத்தி உடம்பில் பாய்வதை ஏறக்குறைய காட்டுவதே இல்லை. முக்கால் நிமிடக் காட்சிக்கு ஏழு நாள் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே மிச்சம் பிடிக்க வேண்டியது பணத்தில், நேரத்தில் இல்லை.

18. நடிகர்களைக் கொடுமைப்படுத்தினார்னு படிச்சேன். அதுவும் ‘பாணி’யில் சேர்த்தியா?

சேராது. ‘தி பேர்ட்ஸ்’ மாடியறைக் காட்சிக்காக, மெலனியாக நடித்த டிப்பி ஹெட்ரன் மீது நாள் கணக்கில் உண்மையான பறவைகளை வீசினார்கள், அவர் உடைந்துபோனார். ஹிட்ச்காக் தன்னிடம் பாலியல் ரீதியாக அத்துமீறினார் என்றும் 2016-இல் வந்த தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அந்தப் படத்தை இந்தப் பக்கத்தில் புகழ்ந்திருக்கும் நான் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

தொழிலாகப் பார்த்தாலும் இதற்குத் தேவையில்லை. 9-இல் விவரித்த காட்சியில் அவர் ஹெட்ரனிடம் கேட்டது உட்காருவது, புகைப்பது, நிமிர்ந்து பார்ப்பது, அவ்வளவுதான். படத்திலேயே அதிகம் பயமுறுத்தும் இடம் அது. உண்மையான பயம் கிடைக்க நடிகரை வதைக்க வேண்டும் என்று செட்டில் யாராவது சொன்னால், 6-ஆம் பதிலை நினைத்துக்கொள்ளுங்கள்.

19. முடிவு தெரிஞ்ச படத்தை மறுபடி பார்த்தாலும் ஏன் படபடக்குது?

சஸ்பென்ஸ் தெரியாமையால் வருவதாக இருந்தால் இரண்டாம் முறை வரவே கூடாது. 2-இல் பார்த்த மாதிரி அது தெரிவதால் வருகிறது. இரண்டாம் முறை நமக்கு இன்னும் அதிகம் தெரியும். புதிர்ப் படங்கள் ஒரே தடவையில் தீர்ந்துபோவதும் இவை தீராமல் இருப்பதும் இதனால்தான். தவிர, கண் அந்த நொடியின் கையையும் சாவியையும்தான் பார்க்கிறது. ‘எப்படியும் தப்பிப்பாள்’ என்ற அறிவு அந்த நேரத்தில் துணைக்கு வருவதில்லை.

போன முறை ‘நொட்டோரியஸ்’ போட்டபோது, அதை ஏற்கெனவே எங்களோடு பார்த்த ஒரு பெண் முன்வரிசையில் இருந்தாள். விருந்துக் காட்சியில் பரிமாறுபவர் இன்னொரு பாட்டிலை எடுத்தார். ‘ஐயோ, எடுக்காதே’ என்றாள், சத்தமாக. ஐஸ் பெட்டியில் இன்னும் எத்தனை இருக்கிறது என்று கூடம் முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தது.